வித்து நல்லதா? அகார் தட்டில் காளான் வளர்க்க ஒரு தொடக்கப் பாடம்

வீட்டில் சிப்பிக் காளான் படுக்கை போடும் சகோதரிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வைக்கோலை ஊறவைத்தோம், வேகவைத்தோம், சொன்னபடியே பையில் அடுக்கினோம். பத்தாம் நாள் பார்த்தால் பை பச்சையாகிவிட்டது. தப்பு எங்கள் கையிலா, வாங்கிவந்த வித்திலா?"

வைக்கோல், பை, வித்து, இரண்டு வார உழைப்பு எல்லாம் போன பிறகு இதற்குப் பதில் சொல்வது கடினம். ஏனென்றால் வைக்கோலுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதே வித்தின் நாலு மணியை ஓர் அகார் தட்டில் வைத்தால் மூன்று நாளில் விடை தெரியத் தொடங்கும். தட்டில் காளான் இழை வளர்க்கும் முறையை இந்தப் பாடம் சொல்லித்தருகிறது. இதனால் உடனே வருமானம் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நஷ்டம் வருவதற்கு முன்பே அதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் இதன் பயன்.

அகார் நமக்குப் புதிய பொருளல்ல

நோன்பு திறக்கும்போது தட்டில் வரும் கடற்பாசி இருக்கிறதே, அதுதான் அகார். கடைகளில் சைனா கிராஸ் என்றும் கேட்டு வாங்குகிறோம். சிவப்புக் கடல் பாசிகளிலிருந்து எடுக்கப்படுவது. மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளிலும் அகார் தருபவை உண்டு.

இது ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் ஒரு சமையலறை வழியாகத்தான். ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் வேலை செய்தார். நுண்ணுயிர் வளர்க்க அப்போது ஜெலட்டின் பயன்படுத்தினார்கள். கோடை வந்தால் அது உருகிவிடும். போதாக்குறைக்குச் சில கிருமிகள் அதையே தின்று நீராக்கிவிடும். அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே வீட்டில் இனிப்பு செய்ய அகார் பயன்படுத்துபவர். ஜாவாவில் வாழ்ந்துவந்த ஒருவரிடமிருந்து அதைத் தெரிந்துகொண்டவர். "இதைப் போட்டுப் பாருங்கள்" என்று அவர்தான் சொன்னார். 1882இல் காசநோய்க் கிருமி பற்றி எழுதிய கோக் அகாரைக் குறிப்பிட்டார். ஃபேனியின் பெயரைக் குறிப்பிடவில்லை. 1887இல் அதே ஆய்வகத்தின் பெட்ரி என்பவர் மூடியுள்ள தட்டையான கண்ணாடித் தட்டை அறிமுகப்படுத்தினார். இன்றுவரை அதன் பெயர் பெட்ரி தட்டு.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று: அகார் உருக ஏறக்குறைய 85 டிகிரி சூடு வேண்டும், உறைவதோ 40 டிகிரிக்குக் கீழே. அதனால் நம் ஊர் வெயிலிலும் கெட்டியாகவே நிற்கும். ஜெலட்டின் அதற்கு மாற்றாகாது. விலங்குத் தோலிலும் எலும்பிலும் செய்வது என்பதால் நம்மில் பலர் அதை வீட்டுக்கே வாங்குவதில்லை, நல்லதாயிற்று. சர்க்கரையும் நிறமும் மணமும் சேர்த்த ஜெல்லி பாக்கெட்டும் வேண்டாம். எதுவும் கலக்காத அகார் தூளே சிறந்தது. இழையாக வருவதையும் பயன்படுத்தலாம். பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு அதன் உறையும் திறன் மாறும் என்பதால் முதல் தடவை கொஞ்சமாகச் செய்து பாருங்கள்.

கூழ் தயாரித்தல்

ஆய்வகங்களில் ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 15 முதல் 20 கிராம் அகார் என்பது கணக்கு. வீட்டில் பழக கால் லிட்டர் போதும்: 50 கிராம் கிழங்கு, 5 கிராம் சர்க்கரை அல்லது வெறும் குளுக்கோஸ் தூள், 5 கிராம் அகார். கிழங்கைத் தோல் சீவிச் சிறு துண்டுகளாக்கி இருபது நிமிடம் வேகவையுங்கள். மசிக்காமல் நீரை மட்டும் மெல்லிய துணியில் வடித்து, குறைந்த அளவுக்குத் தண்ணீர் சேர்த்து மீண்டும் கால் லிட்டர் ஆக்குங்கள். அதில் சர்க்கரையையும் அகாரையும் போட்டு, கட்டி தட்டாமல் கிளறிக் கரைய வையுங்கள்.

கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பெட்ரி தட்டுகள் குக்கருக்குள் போனால் உருகிக் கோணிவிடும். அவற்றில் ஊற்றுவதானால் கூழைத் தனியாகப் புட்டியில் அவித்து, பிறகு திறந்து ஊற்ற வேண்டும். ஊற்றும் நேரம்தான் அழுக்கு விழும் நேரம். ஆகவே தொடக்கத்தில் வாயகன்ற சிறிய ஜாம் புட்டிகளையே நான் சொல்வேன். ஒவ்வொன்றிலும் விரல் கனத்துக்குக் கூழை ஊற்றி, மூடியைக் கால் சுற்று தளர்த்தி, மேலே அலுமினியத் தாள் சுற்றி, அப்படியே குக்கரில் வையுங்கள். கூழும் புட்டியும் ஒன்றாகச் சுத்தமாகிவிடும். பிறகு ஊற்றும் வேலை இல்லை. கால் லிட்டர் கூழ் பத்துப் பன்னிரண்டு புட்டிகளுக்கு வரும். இந்தப் பாடத்தில் தட்டு என்று சொல்லும் இடத்திலெல்லாம் இந்தப் புட்டியையும் சேர்த்தே புரிந்துகொள்ளுங்கள்.

குக்கரின் அடியில் தாங்கி வைத்து இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆவி நன்றாகச் சீறி வந்த பிறகே குண்டைப் போட வேண்டும். உள்ளிருக்கும் காற்று வெளியேறாவிட்டால் அழுத்தம் இருந்தும் சூடு போதாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் வையுங்கள். குண்டு தூக்கும் அழுத்தத்தில் உள்ளே சுமார் 120 டிகிரி இருக்கும். வெறும் கொதிநீர் 100 டிகிரியோடு நின்றுவிடும். சில பாக்டீரியாக்களின் வித்துகள் அதில் சாவதில்லை. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, அழுத்தம் தானாக இறங்கும்வரை குக்கரைத் தொடாதீர்கள். குண்டைத் தூக்கி ஆவியை விட்டால் புட்டிக்குள் கூழ் பொங்கி வழியும். கைக்கும் ஆபத்து.

காற்று அசையாத பெட்டி

இனி வரும் வேலை முழுவதும் காற்றோடுதான். ஒரு வீட்டின் காற்றில் எத்தனை பூசண வித்துகள் மிதக்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வழி இருக்கிறது. அவித்து ஆறிய புட்டி ஒன்றை ஓடும் மின்விசிறியின் கீழ் ஐந்து நிமிடம் திறந்து வைத்து மூடுங்கள். இன்னொன்றைத் திறக்காமலே வையுங்கள். நாலு நாள் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கை கழுவச் சொல்லி நாம் செய்யும் உபதேசம் மிச்சம்.

இதற்குத் தீர்வு செலவில்லாதது. ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, பக்கத்தில் இரு கை நுழையும் அளவுக்கு இரண்டு துளைகள் போடுங்கள். விசிறி, ஏசி, ஜன்னல் எல்லாவற்றையும் மூடுங்கள். பெட்டியின் உட்புறத்தை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து, பொருள்களை உள்ளே வைத்து, பத்து நிமிடம் சும்மா இருங்கள். மிதப்பவை எல்லாம் கீழே படியட்டும். (ஆல்கஹால் 99 சதவீதம் என்றால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். கிருமியைக் கொல்ல அதோடு கொஞ்சம் நீரும் வேண்டும். 70தான் சரியான அளவு.)

ஓர் எச்சரிக்கை. பெட்டிக்குள் ஆல்கஹால் ஆவி தங்கியிருக்கும். அதற்குள் தீயைக் கொண்டுபோகவே கூடாது. கத்தியைச் சூடாக்கும் ஸ்பிரிட் விளக்கைப் பெட்டிக்கு வெளியே, தள்ளி வையுங்கள். கையில் தடவிய சானிடைசர் முழுதும் காய்ந்த பிறகே விளக்கருகே கை போகட்டும். இந்த வேலையின்போது சிறு பிள்ளைகள் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

துண்டு எடுத்து வைத்தல்

அன்று பறித்த, ஈரம் சொட்டாத, இளம் சிப்பிக் காளான் ஒன்று வேண்டும். எந்த வகை என்று உறுதியாகத் தெரிந்த காளானாக இருப்பது கட்டாயம். மழைக்குப் பின் தோட்டத்திலும் மரத்திலும் முளைத்ததை எடுத்து வளர்க்க முயலாதீர்கள். தட்டில் எல்லாமே வெள்ளையாகத்தான் இருக்கும். விஷக் காளானை அங்கே இனங்காண முடியாது.

காளானைக் கத்தியால் வெட்டாமல் கையால் நெடுக்காகக் கிழியுங்கள். வெளித்தோலில் அழுக்கு உண்டு, உட்சதை சுத்தமானது. கத்தி வெளியில் உள்ளதை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். கிழித்த பின், காம்பும் குடையும் சேரும் இடத்தின் உட்புறத்திலிருந்து, சுட்டு ஆறவைத்த கத்தி முனையால் ஓர் அரிசி மணி அளவு சதையைக் கிள்ளி எடுங்கள். புட்டி மூடியை ஒரு பக்கம் மட்டும் தூக்கி, துண்டைக் கூழின் நடுவில் வைத்து உடனே மூடுங்கள். திறந்த தட்டின் மேல் கையும் போகக்கூடாது, பேச்சும் கூடாது. ஒரே தடவையில் ஆறு ஏழு வையுங்கள். ஒன்றிரண்டைத் துண்டு வைக்காமல் வெறுமனே விடுங்கள். தேதியையும் வகையையும் எழுதி ஒட்டுங்கள்.

பெட்ரி தட்டானால் ஓரத்தில் டேப் சுற்றி, மூடியில் கோக்கும் நீர்த்துளி கூழில் விழாதபடி தலைகீழாக வைக்க வேண்டும். 25 முதல் 28 டிகிரி உள்ள, வெயில் படாத அலமாரி போதும்.

தட்டைப் படிப்பது எப்படி

இரண்டு மூன்று நாளில் துண்டைச் சுற்றிப் பஞ்சு போல வெண்மை தெரியும். அதுதான் காளான் இழை. வட்டமாக, ஒரே சீராகப் பரவி, ஏறக்குறைய பத்து நாளில் தட்டை மூடும்.

வேறு எது வந்தாலும் பெயர் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் வெள்ளையாக வந்து இரண்டு நாளில் பச்சைத் தூளாக மாறுவது டிரைக்கோடெர்மா. படுக்கையைப் பச்சையாக்குபவர்களில் முக்கியமானவர் இவரே. ஒரே இரவில் உயரமாக எழுந்து குண்டூசித் தலை போலக் கருப்புப் புள்ளி வைப்பது ரொட்டிப் பூசணம். பளபளப்பாக, ஈரமாக, கஞ்சி சிந்தியது போல இருப்பது பாக்டீரியா.

என்ன வந்தது என்பதைவிட எங்கே வந்தது என்பது அதிகம் சொல்லும். துண்டின் அடியிலிருந்தே கிளம்பினால் காளானிலோ கத்தியிலோ அழுக்கு. துண்டுக்குத் தொலைவில் தனியாக ஒரு புள்ளி என்றால் திறந்த நேரத்தில் காற்றிலிருந்து விழுந்தது. வெறுமனே விட்ட தட்டிலும் வந்திருந்தால் உங்கள் காளானையும் கையையும் குறை சொல்லிப் பயனில்லை. குக்கரில் வைத்த நேரம் போதவில்லை. அந்த வெறும் தட்டுகள் இல்லாமல் இதைப் பிரித்தறியவே முடியாது.

சுத்தமான தட்டில், வெண்மையின் வெளி ஓரத்திலிருந்து ஒரு சிறு சதுரம் வெட்டிப் புதிய தட்டுக்கு மாற்றலாம். ஓரத்தில் இருப்பதுதான் இளம் இழை. இப்படி மாற்றிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் போக வேண்டாம். பல தடவை மாறினால் இழையின் வேகமும் விளைச்சலும் குறையும். அப்போது நல்ல காளானிலிருந்து புதிதாக ஒரு துண்டு எடுப்பதே சரி.

கெட்ட தட்டைத் திறந்து பார்ப்பதும் முகர்வதும் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதில் கண்டிப்பாக இருங்கள். கண்ணாடிப் புட்டியைத் திறக்காமல் அப்படியே குக்கரில் அரை மணி நேரம் அவித்த பிறகே கழுவுங்கள். பிளாஸ்டிக் தட்டானால் பிளீச்சிங் கரைசலில் ஒரு நாள் மூழ்கவைத்துப் பிறகு எறியுங்கள். இதற்கென ஒதுக்கிய குக்கரைச் சமையலுக்கு எடுக்காமல் இருப்பது நல்லது.

தட்டிலிருந்து சோளத்துக்கு மாற்றித் தாய் வித்து செய்வது அடுத்த படி. சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, கால்சியம் கார்பனேட் கலந்து, இரண்டு மணி நேரம் அழுத்தத்தில் அவிக்க வேண்டும். அவ்வளவு நேரம் வீட்டுக் குக்கரில் நீர் வற்றிவிடும் ஆபத்து உண்டு. அதை வேளாண் அறிவியல் நிலையத்திலோ, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியிலோ நேரில் பார்த்துக் கற்பதே நல்லது.

வாங்கிய வித்தைச் சோதிக்க

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். வித்து வாங்கி வந்ததும், பெட்டிக்குள் வைத்து, பையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் நாலைந்து மணிகளைச் சுட்ட இடுக்கியால் எடுத்து, இடத்துக்கு ஒன்றாக மூன்று தட்டுகளில் வையுங்கள். பையை உடனே மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள். வைக்கோலை இன்னும் ஊறவைக்க வேண்டாம். மூன்று நாளில் மணிகளைச் சுற்றி வெண்பஞ்சு மட்டும் கிளம்பினால் ஐந்து நாள் வரை பொறுத்து, பச்சை தோன்றவில்லை என்று பார்த்த பின் படுக்கை போடுங்கள். மணியைச் சுற்றிப் பளபளப்பான ஈர வளையமோ பச்சையோ தெரிந்தால், ஒரு படுக்கைகூடப் போடாமல் அந்தத் தட்டைத் திறக்காமலே விற்றவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாங்கிய தேதி எழுதிய பை மீதியும் கையில் இருக்கட்டும்.