மண்ணுருவும் கண்ணாடி மெருகும்

சக்கரத்தில் எழும் குடத்தின் சுவர் பெரும்பாலும் ஒரே தடிப்புடையதாய் அமைகின்றது. கையால் ஆக்கும் உருவம் அவ்வாறன்று. யானையின் உடல் பருத்தது, காது மெல்லியது. இப்பருமன் வேற்றுமையே சூளையில் வந்து வழக்குரைக்கும்.

யான் மட்பாண்ட வகுப்பொன்றில் ஆசிரியனாயிருந்த காலை, மாணவனொருவன் முழுக்கட்டியாகச் செய்த நந்தியை, அவனது ஆவலைத் தடுக்க மனமின்றி, ஏனையோர் வேலைகளுடன் சூளையில் வைத்தேன். மேற்புறம் நன்கு உலர்ந்திருந்தது. கையில் எடுத்தபோது தோன்றிய குளிர்மையைப் பொருட்படுத்தினேனல்லேன். மறுநாட் சூளையைத் திறந்தபோது நந்தி இருந்த இடத்திற் சல்லியே கிடந்தது. அயலில் நின்ற ஐந்து உருவங்களும் சிதைந்திருந்தன. பிழை மாணவனுடையதன்று, என்னுடையது.

மண்ணில் அகப்பட்ட காற்றே உருவத்தை வெடிக்கச் செய்கின்றது என்பர் பலர். உண்மையிற் பெரும்பகை நீரே. நீர் 100 பாகை செல்சியசில் ஆவியாகுங்கால் ஏறக்குறைய 1,700 மடங்கு இடங்கொள்ளும். தடித்த மண்ணின் நடுவே பிறந்த ஆவி வெளியேற வழியின்றி மண்ணைப் பிளந்துகொண்டு வருகின்றது. உலர்ந்ததோ என்றறிய உருவத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம். குளிர்ந்தால் ஈரம் உண்டு என்க.

ஆதலின் உருவம் உள்ளீடற்றதாதல் வேண்டும். தமிழ்நாட்டு ஐயனார் கோயில்களில் நிற்கும் பெருஞ் சுடுமண் குதிரைகளும் உள்ளே வெறுமையானவையே. வகுப்பறைக்கு எளிய வழி ஒன்றுண்டு. உருவத்தை முதலிற் கட்டியாகவே செய்து, மண் தோல்போல் இறுகிய பதத்திற் கம்பியால் இரண்டாக அறுத்து, சுவர் அரை அங்குலத்துக்கு மேற்படாதவாறு உள்ளே குடைந்தெடுத்தல் வேண்டும். பின் இரு விளிம்புகளையும் கீறி, களிக்குழம்பு பூசி ஒட்டி, அடியில் ஒரு துளை விடுக. ஒட்டப்படும் பகுதிகள் ஒரே ஈரமுடையனவாதல் அவசியம். மண் உலர்ந்து வேகும்போது பொதுவாகப் பத்திலொரு பங்களவு சுருங்கும். ஈரம் வேறுபட்டால் ஒன்று முந்திச் சுருங்க, மூட்டு விடும்.

முதற் சூடு மிக மெதுவாக ஏறல் நன்று. 573 பாகையில் மண்ணிலுள்ள படிகக்கல் திடீரெனப் பருமன் மாறுதலின் அங்கும் அவசரம் ஆகாது. ஏறக்குறைய 1,000 பாகையளவில் முதற் சூளை நிறைவுறும்.

இனி மெருகு. மெருகென்பது மண்ணின்மேல் உருகிப் படியும் கண்ணாடியே. மணலிலுள்ள சிலிக்கா தனியே உருக 1,700 பாகைக்கு மேல் வேண்டுமாதலால், அதனை இளக்கும் பொருள்கள் சேர்க்கப்படும். ஈயம் எளிதில் இளக்கும். சீனத்துத் தாங் அரசர் காலக் குதிரைகளின் பொன்மையும் பச்சையும் ஈய மெருகினால் வந்தவை. ஆனால் ஈயம் நஞ்சு. வகுப்பறையில் அதற்கு இடமில்லை. பெல்ஸ்பார் முதலியவை போதும்.

உருகிய மெருகு ஓடும். அதுவே சிற்பத்துக்கு இடர். பள்ளங்களில் தேங்கி, விளிம்புகளில் மெலிந்து, மாணவன் மூன்று நாள் முயன்று செதுக்கிய கண்ணிமையை ஒரே சூளையில் மறைத்துவிடும். நுண்ணிய வேலையுள்ள உருவத்துக்கு மெருகு தவிர்த்து, இரும்பு ஒட்சைட்டை நீரிற் கரைத்துப் பூசி, ஈரப் பஞ்சினால் துடைப்பதே என் விருப்பம். மேடு வெளுத்து, பள்ளம் கருமை கொள்ளும்.

மெருகே வேண்டுமெனின் உருவத்தையும் அதற்கேற்ப எளிமையாக்குதல் வேண்டும். புளோரன்சு நகரத்து லூக்கா டெல்லா ரொபியா இதனை நன்கறிந்தவர். அந்நகரப் பேராலயத்தில், 1442 முதல் 1445 வரை அவர் இயற்றிய கிறித்துவின் உயிர்த்தெழுதற் சிற்பத்தில், வெள்ளீய ஒட்சைட்டு கலந்த வெண்மெருகு நீலப் பின்னணியில் ஒளிர்கின்றது. இத்தகைய பெருவேலைகளைப் பகுதிகளாகச் சுட்டுச் சுவரிற் பொருத்துவர். மூட்டுக்கள் உருவங்களின் ஓரக்கோடுகளில் மறைந்துவிடும்.

உருவத்தின் அடியிற் பட்ட மெருகைத் துடைக்க மறவற்க. மறந்தால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கோபால்ட் ஒட்சைட்டு பூசுகையிற் கருமையாயிருந்து, வெந்தபின் நீலமாகும். நிறம் பிழைத்ததென்று மேலும் மேலும் பூசுவோர் உளர்.

அம்மாணவன் மறுபடியும் நந்தி செய்தான். இம்முறை குடைந்து, வயிற்றின்கீழ்த் துளையிட்டு, மூன்று வாரம் நிழலில் உலர்த்தி, இரும்பு மட்டுமே பூசினான். வலக்கொம்பில் ஒரு சிறு வெடிப்பன்றிப் பிறிது குறையில்லை.