சாவியில்லாச் சக்கில் அலகைப் பொருத்தும் முறை

மின்கலத்தால் இயங்கும் டிரில்லில் அலகு நழுவுமாயின், குறை பெரும்பாலும் பொறியிலன்று. பொருத்திய முறையிலேயே உள்ளது. சக்கினுள் மூன்று தாடைகள் சாய்வான வழிகளில் நகர்கின்றன. வெளியுறையைத் திருகும்போது அவை முன்சென்று நெருங்கி, அலகின் தண்டை நடுவில் பற்றுகின்றன.

முதலில் மின்கலத்தைக் கழற்றுக. தாடைகளிலும் தண்டிலும் படிந்த தூசியையும் எண்ணெயையும் துடைத்தெடுக்கவேண்டும். தண்டின் வழுவழுப்பான பகுதியை மட்டுமே தாடைகள் பற்றவேண்டும். திருகுபள்ளம் உள்ளே புகலாகாது. மெல்லிய அலகு இரு தாடைகளுக்கிடையே சிக்கிக்கொள்வதுண்டு. மூன்றும் பற்றியதைக் கண்ணாற் கண்டு இறுக்குக. ‘டிக்’ ஒலி எழும் சக்காயின், முதல் ஒலியோடு நில்லாது முற்றும் இறுகும்வரை திருகுக.

பின்னர் மின்கலத்தை இட்டு மெதுவாகச் சுழற்றிப் பார்க்கவேண்டும். நுனி ஒரே புள்ளியில் நின்று சுழன்றால் பொருத்தம் சரி; வட்டமிட்டால் மின்கலத்தைக் கழற்றி மீண்டும் பொருத்துக. இறுகிய உறை திறவாவிடில் ரப்பர்ப் பட்டையைச் சுற்றிப் பிடித்துத் திருகலாம். சுத்தியலால் அடித்தல் கூடாது.

உறையைக் கையாற் பற்றிக்கொண்டு விசையை அழுத்தி இறுக்குவது பலரது வழக்கம். இது விரைவானதே, ஆயினும் உறையின் வரிகள் உள்ளங்கையைக் கிழிக்கும், மணிக்கட்டும் முறுக்குண்ணும். மாணவரிடம் இப்பழக்கம் வேரூன்றுமுன் ஆசிரியர் அதனைத் தடுத்தல் வேண்டும்.