அறிக்கையின் கடைசிப் பத்தி

"ரெட் அலர்ட்டுன்னாங்க, ஸ்கூலுக்கு லீவு விட்டாங்க, ஒரு தூத்தல்கூட இல்லை சார்!" ஐப்பசி பிறந்துவிட்டால் லஸ் முனையில் எந்தக் காபிக் கடை வாசலில் நின்றாலும் இது காதில் விழும். சொல்பவர் மனதில் இருப்பது பெரும்பாலும் 2024 அக்டோபர் 16. எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்திவிட்டார்கள். 15-ம் தேதி மழை வெளுத்து வாங்கியது. 16-ம் தேதி ஊரே கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தது. தாழ்வு மண்டலம் வடக்கே ஒதுங்கி, மறுநாள் அதிகாலையில் சென்னைக்குச் சற்று மேலே சத்தமில்லாமல் கரையேறிப் போனது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும் வானிலை ஆய்வு மையத்தின் மேல் ஊர் முழுக்கக் கோபம்.

கோபம் நியாயமா? பாதிதான். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் உங்கள் தெருவில் எத்தனை அங்குலம் பெய்யும் என்று ஜோசியம் சொல்பவை அல்ல. மாவட்டம் முழுவதையும் ஒன்றாக வைத்து, ஆட்சியர் முதல் மாநகராட்சி ஊழியர் வரைக்கும் போகிற குறிப்பு அது: மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் வேலையில் இறங்கு. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டக்கூடிய வாய்ப்பு இருந்தால் சிவப்பு. தாழ்வு மண்டலத்தின் மழை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெய்வதில்லை. அது ஐம்பது கிலோமீட்டர் நகர்ந்தால் உங்கள் மழை இன்னொருவர் தலையில் விழும். பம்பும் படகும் வந்து நிற்பதற்குள் அது நகருமா நகராதா என்று காத்திருக்க முடியாது.

'ஓரிரு இடங்களில்' என்ற சொல்லுக்குக் கிடைக்கும் கேலிதான் எனக்கு இன்னும் வருத்தம். வானிலை மையத்தின் எஸ்.ஆர். ரமணன் தொலைக்காட்சியில் தோன்றிய காலத்திலிருந்து, தப்பித்துக்கொள்ள வைத்திருக்கும் ஓட்டை என்றே அதை நினைத்துச் சிரிக்கிறோம். அது ஓட்டை இல்லை, அளவு. ஒரு பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவானால் 'ஓரிரு இடங்களில்'. 26 முதல் 50 வரை என்றால் 'ஒருசில இடங்களில்'. முக்காலையும் தாண்டினால்தான் 'பெரும்பாலான இடங்களில்'. 'கனமழை', 'மிக கனமழை', 'அதி கனமழை' என்பவையும் அலங்காரம் இல்லை. 6.5 செ.மீ.யை ஒட்டி முதலாவது, 11.5-ஐத் தாண்டினால் இரண்டாவது, 20.5-ஐ எட்டினால் மூன்றாவது. நகைக்கடையில் கிராம் கணக்குப் பார்க்கிற நாம் இந்தச் சொற்களை மட்டும் பொத்தாம்பொதுவாகப் படிக்கிறோம். இன்னொன்று: பேப்பரில் 'நேற்று 10 செ.மீ.' என்று வருவது நேற்றுக் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரைக்குமான கணக்கு. நள்ளிரவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"புயல் ஆந்திராவுக்குப் போயிடுச்சாம், நாம தப்பிச்சோம்." இந்த நிம்மதிப் பெருமூச்சை 2023-க்குப் பிறகாவது கைவிட்டிருக்க வேண்டும். மிக்ஜாம் புயல் டிசம்பர் 5-ம் தேதி கரையைக் கடந்தது பாபட்லா பக்கத்தில். இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாள் நம் கரைக்கு எதிரே கடலில் ஊர்ந்துகொண்டே 40 செ.மீ.க்கும் மேல் கொட்டிவிட்டுத்தான் போனது. 2015 டிசம்பர் 1-ல் புயலே கிடையாது. பெயர் வைக்கக்கூடத் தகுதியில்லாத ஒரு தாழ்வுநிலை. தாம்பரத்தில் 49 செ.மீ. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் அடையாறு முதல் மாடியைத் தொட்டது. 2016 வர்தாவோ நேராக நம் தலைமேலேயே வந்து மரங்களைச் சாய்த்தது, வெள்ளத்தை விட்டுப்போகவில்லை. கரையைக் கடக்கும் இடம் பெரும்பாலும் காற்றின் கணக்கு. மழைக்கு வேறு கணக்கு.

துறைமுகப் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்களைப் பற்றிய தவறு, படித்தவர்களிடமும் பத்திரிகைக்காரர்களிடமும் உண்டு. ஐந்து போய் ஆறு ஏற்றினால் "நிலைமை முற்றுகிறது" என்று பதறுவோம். உண்மையில் 5, 6, 7 மூன்றும் ஒரே வலிமையுள்ள புயலுக்கானவை, வித்தியாசம் பக்கத்தில்தான். புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலேயோ வெகு அருகிலோ வந்தால் 7. தீவிரப் புயல் என்றால் இதே வரிசை 8, 9, 10 ஆகத் திரும்ப வரும். 11 என்பது பிரளயம் அல்ல: வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். சென்னையை நோக்கி மேற்கே வரும் புயலுக்கு 5 என்றால் அது நமக்கு வடக்கே போகிறது. 6 என்றால் தெற்கே. தெற்கே போகிற புயலின் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும், அலையைத் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே ஆறாம் எண்ணுக்குப் பயப்படலாம். ஐந்தைவிடப் பெரிய எண் என்பதற்காக மட்டும் வேண்டாம்.

இனி கடலுக்கு வருவோம். வானிலை அறிக்கையில் கடைசியாக ஒரு பத்தி இருக்கும்: 'மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் சூறாவளிக்காற்று, இடையிடையே 65 கி.மீ.; மீனவர்கள் செல்ல வேண்டாம்.' தி. நகர்வாசி அதைப் படிப்பதே இல்லை. அது நொச்சிக்குப்பத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். அவர் வீட்டு வாசலில் தண்ணீர் எப்போது வடியும் என்ற பதிலில் பாதி அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

எப்படி? தி. நகரே முன்பு ஏரி. நீண்டு கிடந்த ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுப்பிய ஊர் அது. மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலை இன்றும் அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பெயர். அங்கே தேங்கும் மழைநீர் மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றுக்கு வர வேண்டும். அடையாறு, உடைந்த பாலத்தைத் தாண்டி முகத்துவாரத்தில் கடலில் இறங்க வேண்டும். கோடையில் அந்த வாயை மணல் அடைத்திருக்கும். மழைக்கு முன்னால் பொக்லைன் வைத்து வெட்டிவிடுவார்கள். வெட்டிவிட்டால் தண்ணீர் எந்த நேரமும் இறங்கிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. கடல் இடம் கொடுத்தால்தான் ஆறு இறங்கும்.

கடல் வருடம் முழுக்க ஒரே உயரத்தில் நிற்பதில்லை. சென்னைக் கரையில் மார்ச், ஏப்ரலில் தாழ்ந்து, அக்டோபர், நவம்பரில் உச்சத்துக்கு வரும். தென்மேற்குப் பருவத்தில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் அப்போது திசை மாறி வடக்கிலிருந்து தெற்கே ஓடும். குப்பத்தில் முன்னதைத் தெண்டி என்பார்கள், பின்னதை வன்னி. தெற்கே பாயும் நீரைப் பூமியின் சுழற்சி வலப்பக்கம், அதாவது கரைப் பக்கம், ஒதுக்கும். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நன்னீரும் அதோடு சேர்ந்து வருகிறது. ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் கடலில் அமாவாசை, பௌர்ணமி ஏற்றமும் கொண்டல் காற்று தள்ளும் அலையும் சேர்ந்தால் ஆற்றுத் தண்ணீர் முகத்துவாரத்தில் தயங்கி நிற்கும். "மழை விட்டு மூணு மணி நேரம் ஆச்சு, ஏன் வடியலை?" என்று கோட்டூர்புரத்தில் கேட்கும் கேள்விக்கு, அடைபட்ட வடிகாலும் குப்பையும் ஒரு பதில். ஏற்றம் வற்றக் காத்திருப்பது இன்னொரு பதில்.

"மழை நின்னாச்சு, பீச்சுக்குப் போலாம்." இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. வானம் ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடும்; நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் புயல் கிளப்பிவிட்ட அலை அடங்க ஓரிரு நாளாவது ஆகும். பெசன்ட் நகரில் வரிசையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓர் இடம் மட்டும் சாதுவாகத் தெரியும். குழந்தைகளை அங்கேதான் இறக்கிவிடுவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பி ஓடும் வாய்க்கால் அது. அலை உடையாததற்குக் காரணமே அந்த வாய்க்காலின் ஆழம். சிக்கியவர் கரையை நோக்கி நீந்தினால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பு விட்டுவிடும். கரைக்குப் பக்கத்தில் என்ன ஆகிவிடும் என்பவர்கள் 2012 அக்டோபர் 31-ஐ நினைத்துப் பார்க்கலாம். நீலம் புயல் மாமல்லபுரத்தருகே கரையேறிய அன்று, பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தோடு இழுபட்டுத் தெற்கே வந்து எலியட்ஸ் கடற்கரையோரம் தரைதட்டியது. உயிர்காக்கும் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர், கரை கண்ணுக்குத் தெரிய, படகு கவிழ்ந்து இறந்தார்கள். தொழிலே கடலாகக் கொண்டவர்கள். மறுநாள் முதல் கப்பலை வேடிக்கை பார்க்கக் கூட்டமான கூட்டம்.

எல் நினோ வந்தால் மழை இருக்காது என்பது தென்மேற்குப் பருவத்துக்கான பேச்சு. நமக்குப் பெரும்பாலும் நேர் எதிர். 2015 பெரிய எல் நினோ வருடம். அதையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். லா நினா வருடமான 2021-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 59 சதவீதம் கூடுதல்.

கடைசியாக, பாட்டி சொல்லிக் கேட்டது: கார்த்திகைக்குப் பிறகு மழையில்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையில்லை. பாட்டியை முழுக்கத் தள்ளிவிட முடியாது. 2015 வெள்ளம், வர்தா, மிக்ஜாம் மூன்றுமே கார்த்திகையில்தான் வந்தன. ஆனால் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது 2011 டிசம்பர் 30. பத்து வருடம் கழித்து 2021-ல் அதே டிசம்பர் 30 மதியம், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மேகம் கடற்கரையோரம் நகராமல் நின்றுவிட்டது. மயிலாப்பூர்க் கடற்கரையை ஒட்டி 20 செ.மீ.க்கும் மேல் பதிவானது. கணித்துச் சொல்ல முடியவில்லை என்று வானிலை மையமே அன்று ஒப்புக்கொண்டது. இரண்டும் மார்கழிப் பாதியில். சபா சீசன் டிக்கெட் வாங்கியாயிற்று என்றால், குடையைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள்.