ஏற்றத்தில் கொதிக்கும் எஞ்சின்: பழைய கார் வாங்கிய தம்பிமாருக்கு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி விட்டார்கள். அதற்குள் மொரிஸ் மைனர், டட்சன் சனி, பழைய கொரோலா எல்லாவற்றுக்கும் மறுபடி மவுசு வந்துவிட்டது. அவற்றை வாங்கிய பிள்ளைகள் கராஜுக்கு வந்து சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "பாஸ், ஏத்தத்துல ஹீட் ஏறுது." அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து விடுங்கள். எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுக்கும். வளைவில் நிற்காமல் அகலமான இடம் பார்த்து ஒதுக்கி, பின்சில்லுக்குக் கல் வையுங்கள்.

2. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும். 0.9 என்று பொறித்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து, அந்தக் கொதிநிலையை ஏறத்தாழ 20 பாகை உயர்த்துகிறது. திறந்த கணமே அழுத்தம் விடும், தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். பச்சைத் தண்ணீரை அவசரப்பட்டு ஊற்றினால் ஹெட் வெடிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருப்பதிலேயே விலை குறைந்த சாமான் அது. மாற்ற வேண்டியதும் பல தடவை அதுதான்.

3. ஒரு சாமானையும் வாங்குவதற்கு முன், எந்த இடத்தில் ஹீட் ஏறுகிறது என்று பாருங்கள். நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். பதுளை பஜாரில் நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஹாலி-எல தாண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கினால், தண்ணீரில் குறையில்லை, காற்றுதான் போதவில்லை. ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் அமிழ்ந்தால் தளர்ச்சி. ஃபேனைச் சுற்றியுள்ள கவரை யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது, பக்கத்துக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும்.

வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும்போது மட்டும் கொதித்தால் கதை வேறு. முப்பது கிலோமீற்றருக்குள் 800 மீற்றருக்கு மேல் ஏறும் ரோடு அது. அங்கே ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருப்பது தெரிந்துவிடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்தி, ஃபேனுக்குக் கை எட்டாமல், ரேடியேட்டரின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சூட்டுக்கு நடுவே குளிர்ந்த பட்டை தட்டுப்பட்டால் அந்த இடத்தில் தண்ணீர் ஓடவில்லை. தேயிலைத் தூசியும் பூச்சியும் வெளியே அடைத்திருந்தால் பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்தே நிமிடத்தில் ஏறினால் தண்ணீர் குறைந்திருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் திறக்காமல் பிடித்திருக்கும்.

4. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நம் குளிரில் அது இல்லாத எஞ்சின் சூட்டுக்கே வராமல் ஓடும், பெற்றோலைக் குடிக்கும், சிலிண்டர் தேயும். சந்தேகமாக இருந்தால் பழைய சட்டியில் தண்ணீர் விட்டு அதை அமிழ்த்தி அடுப்பில் வையுங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டுக்கு வரும்போது திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள், வெறுமையாக விடாதீர்கள்.

5. கூலன்ட் ஊற்றுங்கள். கைவசம் இல்லாத நாளில் மலைப் பீலித் தண்ணீர் பரவாயில்லை. புத்தள, மொனராகலைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அது ரேடியேட்டருக்குள் படிந்து கல்லாகும்.

6. அடிக்கடி தண்ணீர் குறைந்தும் கீழே ஒழுக்கு இல்லையென்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். குளிர்ந்த எஞ்சினில் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் கேஸ்கட் போய்விட்டது. டிப்ஸ்டிக்கில் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தாலும் அதே தீர்ப்பு. வெள்ளைப் புகையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பண்டாரவளைப் பனியில் காலையில் எல்லா வண்டியும் வெள்ளையாகத்தான் விடும். பத்து நிமிடம் ஓடிய பிறகும் விட்டால் யோசியுங்கள்.

7. எஞ்சின் ஆறட்டும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

8. பசறை, நமுனுகுலப் பக்கம் லயத்தில் இரவில் பிரசவ வலி கண்டால், பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக அந்த நேரத்தில் கிடைப்பது பக்கத்து வீட்டுப் பழைய வண்டிதான். "இந்த மாதம் ஓடட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். வாரம் ஒரு காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரையும் பெல்ட்டையும் ஹோஸ்களையும் பாருங்கள். டிக்கியில் ஐந்து லீற்றர் கேன் ஒன்றும் பழைய பெல்ட் ஒன்றும் எப்போதும் கிடக்கட்டும்.