கார் அவரிடம், கடன் என் பெயரில்

கேள்வி: நானும் அவரும் சேர்ந்து வாழ்ந்தபோது என் பெயரில் கடன் போட்டு கார் எடுத்தோம். தவணையில் பாதியை அவர் தருவார். இப்போது பிரிந்துவிட்டோம். கார் அவரிடம், பணமும் வருவதில்லை. நானும் கட்டாமல் விட்டுவிடலாமா?
– வாசகி, கோவை

பதில்: விட்டுவிடாதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் இருவரும் பேசிக்கொண்ட பாதிக்குப் பாதி கணக்கு வங்கியைக் கட்டுப்படுத்தாது. தவணை தவறினால் சிபில் மதிப்பெண் அடிபடுவது உங்களுக்குத்தான்.

தவணையைவிட எனக்குக் கவலை தருவது வேறு. ஆர்.சி.யில் இருப்பது உங்கள் பெயர். இன்சூரன்ஸ் காலாவதியான நிலையில் அவர் யார் மீதாவது மோதிவிட்டால், இழப்பீடு கேட்டு நோட்டீஸ் உங்களுக்கும் வரும். வண்டி கைமாறியிருந்தாலும் பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே இன்சூரன்ஸ் என்று முடிகிறது என்பதை இன்றே பாருங்கள்.

பிறகு அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். போனில் பேசினால் சண்டையாகும், ஆதாரமும் நிற்காது. கார் வேண்டுமென்றால் மீதிக் கடனை அவர் அடைக்கட்டும். வங்கி தரும் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கொடுத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அடமானப் பதிவை நீக்கிவிட்டு, படிவம் 29, 30 மூலம் பெயரை மாற்றிக் கொடுங்கள். வேண்டாமென்றால் காரை வாங்கி, வங்கியிடம் சொல்லிவிட்டு விற்றுக் கடனை அடையுங்கள். இரண்டுக்கும் மசியவில்லையா, வக்கீல் நோட்டீஸ்தான். அவர் பணம் அனுப்பிய ஜிபே பதிவுகளை அழித்துவிடாதீர்கள்.