கூகுள் ஏன் கைவிட்டது?

கேள்வி: தண்ணீர் மெசின், கைத்தொலைபேசி பற்றி எழுதி, விற்பனைக் கமிசனில் ஓடிய என் இணையத்தளத்துக்கு இப்போது ஆளே வருவதில்லை. ஏன்?
– வாசகர், உருத்திரபுரம்

பதில்: உங்களுக்கு மட்டும் விழுந்த அடியில்லை, தம்பி. 2011இல் 'பாண்டா', 2022இல் 'பயனுள்ள உள்ளடக்கம்' என்ற தேடல் மாற்றங்கள், 2024 மார்ச்சில் பின்னதைத் தேடலின் மையத் தரவரிசை முறைக்குள் சேர்த்தது என்று கூகுள் சல்லடையை இறுக்கிக்கொண்டே வருகிறது. பொருளைத் தொடாமல், கம்பனி விளம்பரத்தைப் பார்த்து எழுதிய மதிப்புரைகளும் அதன் இலக்குகளில் ஒன்று. நல்ல தளங்களும் சேர்ந்து அடிபட்டன, அது அநியாயம்தான். போதாக்குறைக்கு, 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, செயற்கை நுண்ணறிவே தேடல் பக்கத்தில் விடை சொல்கிறது. இணைப்பை அழுத்தாவிட்டால் கமிசன் ஏது? இனி மெசினைக் கிணற்றடியில் பூட்டி, மணித்தியாலத்துக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் குடிக்கிறது என்று அளந்து, படத்தோடு எழுதுங்கள். அதை யூரியூப்பிலும் விவசாயிகளின் வட்ஸ்அப் குழுக்களிலும் நேரே போடுங்கள்.