லாரிகளுக்குக் காமிரா வாங்குவோர் கவனத்திற்கு

நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் பத்து இருபது லாரிகளை வைத்துத் தொழில் நடத்துபவர்கள், வண்டிக்கு வண்டி காமிரா பொருத்துவதென்று தீர்மானித்த மாத்திரத்தில், விற்பனையாளர் விரித்துக் காட்டும் விலைப்பட்டியலில் கண்ணை ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அதைத் தொடுமுன் ஒரு தாளை எடுத்து, கடந்த ஓராண்டில் தமக்கு நஷ்டம் விளைவித்த சம்பவங்கள் எவை, அவை வண்டியின் எந்தப் பக்கத்தில் நிகழ்ந்தன என்று எழுதிப் பார்ப்பதே முதற் காரியமாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நெடுஞ்சாலையில் குறுக்கே வந்து விழுந்தவர்கள் லாரியின் மேல் பழி சுமத்துவதுதான் பிரதான உபத்திரவம் என்றால் முன்புறக் காமிரா ஒன்றே போதும். நிறுத்திய இடத்தில் டீசல் களவு போகிறதென்றால் டாங்கைப் பார்த்த காமிரா வேண்டும். ஊருக்குள் இடப்புறமாக நுழையும் மோட்டார் சைக்கிள்களே கவலை என்றால், வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் டிரைவரின் கண்ணுக்கு எட்டாத முன் இடது மூலையைக் காட்டும் காமிராவும், அதை அவர் அந்த க்ஷணமே பார்ப்பதற்குக் கேபினில் ஒரு சிறு திரையும் அவசியமாகும். ஒன்றிரண்டு காமிராவுக்குக் கண்ணாடியில் ஒட்டும் டேஷ்கேம் போதும். நான்கு என்று ஆகிவிட்டால், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பதியும் எம்.டி.வி.ஆர். கருவியை வாங்கிப் பூட்டி வைப்பதே உத்தமம்.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியவை மின்சாரமும் உஷ்ணமும். கார் 12 வோல்ட்டில் ஓடுவது. கனரக லாரியோ 24 வோல்ட், அதுவும் சார்ஜ் ஏறும்போது 28ஐத் தொடும். ஆகவே 36 வோல்ட் வரை தாங்கும் கருவியாகக் கேட்டு வாங்க வேண்டும். வண்டி நிற்கும்போதும் பதிவு நடக்க வேண்டுமானால், பேட்டரி இறங்குமுன் கருவி தானாக அணைந்துவிடும் ஏற்பாடு இருந்தாலொழிய, விடியற்காலையில் லாரி ஸ்டார்ட் ஆகாது. சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் முன்கண்ணாடி அருகே உஷ்ணம் 60, 70 டிகிரியை எட்டுவதால், லித்தியம் பேட்டரி வைத்த டேஷ்கேம் உப்பிப் பாழாகும். சூப்பர் கெபாசிட்டர் வைத்ததே நிலைக்கும். எரிவாயு, பெட்ரோல் டாங்கர் வைத்திருப்பவர்கள், பேட்டரித் தொடர்பைத் துண்டிக்கும் மாஸ்டர் சுவிட்சைத் தாண்டித் தனி வயர் இழுக்க எக்காரணத்தைக் கொண்டும் எலக்ட்ரீஷியனுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது விஷயம் மெமரி கார்டு. பலரும் ஏமாறுவது இங்கேதான். 1080 தரத்தில், விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு காமிரா மணிக்கு 1.8 ஜி.பி. இடத்தை விழுங்கும். இரண்டு காமிரா தினம் பத்து மணி நேரம் ஓடினால் 36 ஜி.பி.; 128 ஜி.பி. கார்டு நான்காம் நாளிலேயே பழைய காட்சியின் மேல் புதியதைப் பதியத் தொடங்கிவிடும். குவாஹாத்திக்கு லோடு ஏற்றிப் போன வண்டியின் மேல் ஒரு வாரம் கழித்துப் புகார் வந்தால் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. மோதினால் அதிர்ச்சியை உணரும் ஜி-சென்சார் அந்தப் பதிவை அழியாமல் பூட்டிவிடும் என்று விற்பனையாளர் சமாதானம் சொல்வார். ஆனால் நாற்பது டன் எடையோடு போகும் லாரி ஒரு ஸ்கூட்டரை உரசினால் அந்த அதிர்ச்சி சென்சாருக்கே எட்டாது. எட்டட்டும் என்று கூர்மையைக் கூட்டினாலோ, ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு விபத்தாகப் பதிவாகிக் கார்டு நிரம்பிப் போகும். எனவே டிரைவர் தம் கையாலேயே அமுக்கிப் பதிவைப் பூட்டும் பொத்தான் ஒன்று கட்டாயம் வேண்டும். ஓயாமல் எழுதி அழிப்பதற்கென்றே செய்யப்பட்ட ஹை எண்ட்யூரன்ஸ் கார்டும், இடத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும் எச்.265 என்ற சுருக்கப் பதிவு முறையும் அதிக விலைக்குத் தகுந்தவை.

படத்தின் தெளிவைப் பகலில் பரீட்சிப்பதில் பிரயோஜனமில்லை. எதிர் வண்டி ஹை-பீம் போட்டு வரும் இரவில் எடுத்த மாதிரிக் காட்சியைக் கேளுங்கள். ஏ.ஐ.எஸ். 140 சான்று இருக்கிறதே என்பார்கள். அது இருப்பிடம் காட்டும் கருவிக்கும் அபாயப் பொத்தானுக்கும் உரியதேயன்றிக் காமிராவின் தரத்துக்குச் சாட்சியன்று.

வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு அதன் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) குறித்த சான்றிதழும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். ஆதலால் தேதி, நேரம், இடம் ஆகியவற்றோடு மூலக் கோப்பை அப்படியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிய காட்சி சுருங்கிப் போனது, மூலமாகாது.

டிரைவரை நோக்கும் காமிராவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் உண்டு, உடுத்து, உறங்கும் வீடும் அந்தக் கேபின்தான். எதற்காகப் பதிகிறோம், யார் பார்ப்பார்கள் என்பதை முன்னதாகவே அவருக்கு எழுத்தில் சொல்லி, இஞ்சின் அணைந்ததும் அந்தக் காமிராவும் அணையும்படி அமைப்பதே நியாயம். இல்லாவிடில், அடுத்த டிரிப்பில் லென்ஸின் மேல் துண்டு தொங்கும்.

இறுதியாக, மொத்தமாக ஆர்டர் கொடுக்குமுன் ஒரே ஒரு லாரியில் பொருத்தி, தொலைதூர லோடுகளோடு ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, கார்டைக் கழற்றி நீங்களே சோதியுங்கள். இணைய வழிக் கண்காணிப்புக்குக் கட்டும் மாதச் சந்தா நின்றுபோனாலும் கருவி கார்டில் தொடர்ந்து பதியுமா என்று கேளுங்கள். அதற்கு எழுத்தில் பதில் தராதவரிடம், என்ன விலை குறைத்தாலும், வாங்காதீர்கள்.